ஆறப் பொறுத்த கண்ணாடி

1908 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகருக்குப் பிரான்ஸிலிருந்து ஒரு கண்ணாடி வட்டு வந்து இறங்கியது. குறுக்களவு 100 அங்குலம், எடை நான்கரை டன். தொலைநோக்கிக்காக அதுவரை அவ்வளவு பெரிய வட்டை யாரும் வார்த்ததில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்த வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேலுக்கும் அவர் குழுவினருக்கும் முகம் வாடிப்போயிற்று. ஒயின் பாட்டில் செய்கிற பச்சைக் கண்ணாடியைத்தான் செயின்ட் கோபைன் ஆலைக்காரர்கள் உருக்கி ஊற்றியிருந்தார்கள். ஒரு கொப்பரை போதாமல் மூன்றில் உருக்கி அடுத்தடுத்து ஊற்றியதில், அடுக்குகளுக்கு நடுவே காற்றுக் குமிழிகள் மண்டிக் கிடந்தன. தேறாது என்று ஒதுக்கிவிட்டார்கள். மறுபடி வார்க்கப் பார்த்த முயற்சிகளும் கைகூடவில்லை. கடைசியில் ஒதுக்கிய அதே வட்டை எடுத்துத் தேய்த்து ஆடியாக்கினார்கள். மவுன்ட் வில்சன் மலையில் 1917இல் வேலைக்கு வந்த அந்தக் குமிழிக் கண்ணாடியை வைத்துத்தான், ஆண்ட்ரோமீடா நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் திரள் என்று எட்வின் ஹபிள் நிறுவினார். திரள்கள் விலகிப் போகின்றன என்று 1929இல் அவர் காட்டியதும் இதே ஆடியின் துணையோடுதான்.

குமிழி நிறைந்த பச்சைக் கண்ணாடியால் இது எப்படி முடிந்தது? முடிந்ததற்குக் காரணம், ஒளி அந்தக் கண்ணாடிக்குள் நுழையவே இல்லை. நம் வீட்டு முகம்பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். ஒளி கண்ணாடியைக் கடந்துபோய்த் திரும்பும். தொலைநோக்கி ஆடியில் பூச்சு முன்பக்கம். வெள்ளியோ அலுமினியமோ, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் படிந்திருக்கும். வந்த ஒளி அதில் பட்டு அப்படியே திரும்பிவிடும். பாலொமர் மலையிலுள்ள 200 அங்குல ஆடியில் இருக்கும் கண்ணாடி பதினான்கரை டன். அதன்மேல் ஒளியைத் திருப்புகிற அலுமினியம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஐந்தாறு கிராம்தான் வருகிறது. அந்தச் சொற்ப உலோகத்தை உரிய வளைவில் பிடித்து வைத்திருப்பதற்கு மட்டுமே இத்தனை டன் கண்ணாடி.

ஆக, ஆடிக்கான கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டியதில்லை, நிறமற்றிருக்கவும் வேண்டியதில்லை. வடிவம் குலையாமல் கிடந்தால் போதும். இது எளிய எதிர்பார்ப்பு போலத் தோன்றும். ஆனால் எந்த அளவுக்குக் குலையாமல் என்று கேட்டால்தான் தலை சுற்றும். நல்ல ஆடியின் பரப்பு, இருக்க வேண்டிய வளைவிலிருந்து ஏறத்தாழ 70 நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். வீட்டில் செய்யும் ஆறங்குல ஆடியைச் சென்னையிலிருந்து விழுப்புரம் வரை நீளும்படி பெரிதாக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழி முழுக்க எங்கேயும் நான்கு விரற்கடைக்கு மேல் மேடோ பள்ளமோ இருக்கக் கூடாது.

இந்த நுட்பத்தைத்தான் வீட்டில் ஆடி செய்பவர்கள் சமையலறை மேசையில் வெறுங்கையால் எட்டுகிறார்கள் என்பது இந்தக் கலையின் பெரிய வேடிக்கை. தேவைப்படுவது ஒரே அளவில் இரண்டு கண்ணாடி வட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். அவ்வப்போது வட்டையும் சுழற்ற வேண்டும், ஆளும் மேசையைச் சுற்றி நகர வேண்டும். மேல் வட்டின் நடுப்பகுதியும் கீழ் வட்டின் விளிம்பும் கூடுதலாகத் தேய்வதால் மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது மேடாகும். எப்படித் திருப்பினாலும் எங்கே நகர்த்தினாலும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தி நிற்கக்கூடிய வடிவம் கோளப்பரப்பு ஒன்றுதான். அதனால் தேய்ப்பவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அது கோளமாகவே அமைகிறது. கையின் தாறுமாறே இங்கே துல்லியத்தைக் கொண்டுவருகிறது.

பிறகு இன்னும் இன்னும் சன்னமான பொடிகள், கடைசியில் பிட்ச் என்னும் கருப்புப் பிசின் தடவிய தட்டில் சீரியம் ஆக்சைடு விட்டு மெருகேற்றல். அடுத்து வருவது கோளத்தைப் பரவளையமாக மாற்றும் வேலை. தொலைவிலிருந்து இணையாக வரும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கப் பரவளையம்தான் சரிப்படும். ஆறங்குல ஆடி, நான்கடி குவியத் தொலைவு என்றால் குழியின் மொத்த ஆழம் 1.2 மில்லிமீட்டர். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடோ 0.3 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. இதை அளக்கப் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ 1850களின் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சிறு விளக்கு, ஒரு கத்தி முனை, அவ்வளவுதான். ஆடியிலிருந்து திரும்பிக் குவியும் ஒளியைக் கத்தி முனையால் மெல்ல வெட்டினால், பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் நிழலும் வெளிச்சமுமாக எழுந்து தெரியும்.

அந்தச் சோதனையில் எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆடியின் பரப்பில் கட்டைவிரலை அரை நிமிடம் வைத்து எடுத்துவிட்டுப் பார்த்தால், விரல் பட்ட இடத்தில் ஒரு மேடு எழுந்து நிற்கும். விரலின் சூட்டில் கண்ணாடி அங்கே மட்டும் வீங்கியிருக்கிறது. சில நிமிடங்கள் காத்திருந்தால் மெல்ல அமுங்கும். கண்ணாடி அசையாப் பொருள் என்ற நம் நம்பிக்கை அந்தச் சில நிமிடங்களில் கரைந்துவிடும்.

சூட்டுக்கு எழும் மேடு ஆறினால் போய்விடும். ஆறினாலும் போகாத வில்லங்கம் ஒன்று கண்ணாடிக்குள் பிறவியிலேயே இருக்கலாம். அதற்குத் தகைவு என்று பெயர்: வெளியிலிருந்து யாரும் அழுத்தாமல் இழுக்காமல், பொருளின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை இழுத்துக்கொண்டும் நெருக்கிக்கொண்டும் இருக்கும் நிலை.

இது எப்படி உள்ளே போகிறது? பனிக்கட்டி பூஜ்யம் டிகிரியில் உருகும்; கண்ணாடிக்கு அப்படி ஓர் உருகுநிலை கிடையாது. சூடு குறையக் குறைய இறுகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஜன்னலுக்குப் போடும் சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி 720 டிகிரி செல்சியஸ் வாக்கில் தன் எடைக்கே தளரும். 545 டிகிரியை ஒட்டி, பார்வைக்குத் திடப்பொருள். ஆனால் உள்ளே அணுக்கள் இன்னும் இடம் மாறிக்கொள்ளும், உள்ளே இருக்கும் தகைவு கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடும். 515 டிகிரிக்கு வந்தால் அதே தளர்வுக்குப் பல மணி நேரம் ஆகும். அதற்கும் கீழே அணுக்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே மாட்டிக்கொள்ளும். முப்பது டிகிரி இடைவெளிக்குள் கண்ணாடியின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது.

இப்போது ஒரு தடித்த வட்டைச் சூளையிலிருந்து அவசரமாக வெளியே எடுக்கிறோம். வெளிப்பரப்பு 500 டிகிரிக்கு வந்து இறுகிவிட்டது. நடுப்பகுதி இன்னும் 600 டிகிரியில் இளகிய நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் தகராறு எதுவும் இல்லை, இளகியது வளைந்துகொடுத்துவிடும். பின்பு இரண்டும் 30 டிகிரிக்கு ஆறுகின்றன. வெளிப்பரப்பு 470 டிகிரிக்கு உரிய அளவு சுருங்கினால் போதும், நடுப்பகுதியோ 570 டிகிரிக்கு உரிய அளவு சுருங்கியாக வேண்டும். வெளிப்பரப்பு விடாது. முடிவில் நடுப்பகுதி இழுபட்டும் வெளிப்பரப்பு நெருக்கப்பட்டும் அப்படியே உறைந்துபோகின்றன.

இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வால் நீண்ட துளி கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டில் இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்து அரசவைக்குக் கொண்டுபோய்க் காட்டியதால் ரூபர்ட் துளி என்று பெயர். தலைப்பகுதியைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் மொத்தத் துளியும் தூளாகும். கார்க் கதவுகளிலும் கடை வாசல்களிலும் இருக்கும் டஃபன்டு கண்ணாடி இதே தத்துவம்தான். சூடாக்கிக் குளிர்காற்றை வீசியடித்து வெளிப்பரப்பை நெருக்கி வைத்திருப்பார்கள். அந்த நெருக்கம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 700 கிலோ எடை. பலமான கண்ணாடியாயிற்றே, ஆடிக்கும் நல்லதுதானே என்று தோன்றும். இதைவிட மோசமான தேர்வு கிடையாது. முன்பக்கத்தைக் குழியத் தேய்க்கும்போது அங்கே நெருக்கப்பட்ட படலம் போய்விடும். பின்பக்கப் படலம் அப்படியே இருக்கும். சமநிலை கெட்டு வட்டு வளையும், ஆழமாகப் போனால் நொறுங்கவும் செய்யும்.

அவ்வளவு கடுமையான தகைவு இல்லாமல், ஒரு பக்கமாகக் கொஞ்சம் தேங்கியிருந்தாலே ஆடிக்குக் கேடு. தேய்க்கத் தேய்க்க வட்டு ஒரு திசையில் கூடுதலாகவும் மறுதிசையில் குறைவாகவும் வளையும். விண்மீன் புள்ளியாகத் தெரியாமல் சிறு கோடாக இழுபடும். சுற்றிலும் ஒரே சீராகப் பரவிய தகைவை ஓரளவு மன்னிக்கலாம், கோணலாகப் படிந்ததை மன்னிக்க முடியாது.

இதைத் தவிர்க்கச் செய்வதுதான் அனீலிங். தமிழில் பதனாற்றல் எனலாம். 545 டிகிரியை ஒட்டி உள்ளும் புறமும் ஒரே சூடாகும்வரை நிறுத்திவைத்து, பிறகு அணு அணுவாக இறக்குவது. எவ்வளவு மெதுவாக என்பதைத் தடிமன் தீர்மானிக்கிறது, அதுவும் தடிமனின் வர்க்கம். 25 மில்லிமீட்டர் வட்டை மணிக்கு 15 டிகிரி வீதம் இறக்கலாம் என்றால், 50 மில்லிமீட்டருக்கு 4 டிகிரிக்கும் குறைவு, 100 மில்லிமீட்டருக்கு 1 டிகிரி. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பதைக் கண்ணாடி இவ்வளவு கறாராகக் கேட்கிறது.

அதை முழு அளவில் அனுபவித்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஆலைக்காரர்கள். பாலொமருக்கான 200 அங்குல வட்டை வார்க்கும் பொறுப்பு அங்கே ஜார்ஜ் மெக்காலி என்ற இயற்பியலாளரிடம் இருந்தது. வட்டின் பின்பக்கம் முழுக்கக் குழிகளும் விலா எலும்பு போன்ற வரிகளுமாக வடிவமைத்தார்கள். எடை குறையும், கண்ணாடி எங்கும் மிகத் தடிப்பாக இல்லாததால் ஆறும் காலமும் குறையும். 1934 மார்ச் 25 அன்று ஊற்றினார்கள். குழிகளை உருவாக்க அச்சில் பொருத்தியிருந்த கட்டைகள் சில சூட்டில் கழன்று, கொதிக்கும் கண்ணாடியில் மிதந்து மேலே வந்தன. அந்த வட்டு கார்னிங்கின் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மறுபடி ஊற்றினார்கள். இம்முறை சரியாக வந்தது. பிறகு சுமார் பத்து மாதம் மின்சூளைக்குள் ஆறவிட்டார்கள். முக்கியமான கட்டத்தில் ஒரு நாளைக்கு இறங்கியது ஒரு டிகிரிக்கும் குறைவு. நடுவில் 1935 ஜூலையில் ஊர் வழியே ஓடும் ஷெமங் ஆறு பெருக்கெடுத்து ஆலைக்குள் புகுந்தது. ஏறக்குறைய மூன்று நாள் சூளைக்கு மின்சாரம் இல்லை. நல்ல வேளையாக வட்டுக்கு ஊறு நேரவில்லை. 1936இல் தனி ரயிலில் மேற்கே போனது. போர்க்காலத்தில் நின்று நின்று தேய்த்து முடிக்க 1947 ஆயிற்று.

இதற்கு நேர்மாறாக, கொல்லைப்புறத்தில் தொடங்கிய கதையும் ஒன்று உண்டு. 1980 வாக்கில் அரிசோனாவின் வானியலாளர் ரோஜர் ஏஞ்சல், கஸ்டர்டு வைக்கும் பைரெக்ஸ் கிண்ணங்கள் இரண்டைத் தன் வீட்டுக் கொல்லையில் சிறு சூளையில் உருக்கி ஒட்டிப் பார்த்தார். நன்றாக ஒட்டின. அந்த எண்ணம் வளர்ந்து, அரிசோனாப் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் ஆடிக்கூடமாக உட்கார்ந்திருக்கிறது. 8.4 மீட்டர் ஆடிகள் அங்கே வார்க்கப்படுகின்றன. சூளையே நிமிடத்துக்கு ஐந்து முதல் ஏழு சுற்று வீதம் சுழலும்; சுழலும் திரவத்தின் பரப்பு தானாகவே பரவளையமாகும் என்பதால் டன் கணக்கில் கண்ணாடியைத் தோண்டும் வேலை மிச்சம். உள்ளே தேன்கூட்டு அமைப்பு. பாலொமர் வட்டைவிட மிகப் பெரியது என்றாலும் இதன் கண்ணாடிச் சுவர்கள் மெல்லியவை. மூன்று மாதத்தில் ஆறிவிடுகிறது. தடிமனின் வர்க்கம் என்ற விதி இங்கே மனிதருக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது.

தகைவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைப் பார்க்கும் கருவி அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மடிக்கணினித் திரையிலிருந்து வரும் ஒளியின் அலைகள் ஒரே தளத்தில் அதிர்பவை. தளவிளைவு ஒளி என்பார்கள். வெள்ளைத் திரையை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, போலராய்டு குளிர்க்கண்ணாடி ஒன்றின் வழியே பார்த்தபடி தலையைச் சாயுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்போது நடுவில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைப் பிடித்தால் வானவில் பட்டைகள் மின்னும். வார்க்கும்போது உள்ளே உறைந்த தகைவு அது. தகைவு உள்ள இடத்தில் ஒளியின் இரு கூறுகள் வெவ்வேறு வேகத்தில் போவதால் இப்படி ஆகிறது என்று 1810களில் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் கண்டறிந்தார். அளவுகோலுக்குப் பதில் கண்ணாடி வட்டைப் பிடியுங்கள். நன்றாக ஆறிய வட்டு என்றால் இருள் இருளாகவே இருக்கும். ஒழுங்கான மங்கல் சிலுவை தெரிந்தால் கவலையில்லை. ஓரிடத்தில் மட்டும் வெளிச்சத் திட்டு தெரிந்தால் அந்த வட்டை ஒதுக்கிவிடலாம். ஆலைகளில் இதையே எண்ணாக அளப்பார்கள்: ஒரு சென்டிமீட்டர் கண்ணாடியைக் கடக்கையில் இரு கூறுகளுக்கும் இடையே விலகல் 10 நானோமீட்டருக்குள் இருந்தால் நல்ல பதம்.

பதம் சரியாக இருந்தாலும் கட்டைவிரல் கற்பித்த பாடம் போகாது. ஹேலின் 100 அங்குல ஆடியில் முதன்முதலாக 1917 நவம்பரில் வியாழனைப் பார்த்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு வியாழன்கள் தெரிந்தன. பகலில் கூரை திறந்திருந்ததால் ஆடியில் வெயில் பட்டுவிட்டது. எல்லோரும் இடிந்துபோனார்கள். அதிகாலை வரை பொறுத்திருந்து ஒரு விண்மீனுக்குத் திருப்பினால், ஊசிமுனையாகத் தெரிந்தது. ஒரு மீட்டர் சாதாரணக் கண்ணாடி ஒரு டிகிரிக்கு 9 மைக்ரான் விரியும். போரோசிலிகேட் வகையான பைரெக்ஸ் 3 மைக்ரானுக்குச் சற்று மேல். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண வட்டின் விளிம்புக்கும் நடுவுக்கும் ஒரே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் தடிமனில் 0.2 மைக்ரான் வேறுபடும், நாம் அனுமதித்த 70 நானோமீட்டரைப்போல் மூன்று மடங்கு. இதற்கு விடையாக ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1968இல் உருவாக்கியது ஸெரோடூர். சூடானால் சுருங்கும் நுண்படிகங்களும் சூடானால் விரியும் கண்ணாடியும் கலந்த கலவை. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டி, மீட்டருக்கு 0.1 மைக்ரான்கூட அசையாது. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைனு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி இந்தப் பொருளால் ஆனது.

ஸெரோடூர் விலைக்கு வீட்டில் ஆடி செய்பவர்கள் வாங்க முடியாது. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் எண்ணம். ஆறங்குல, எட்டங்குல ஆடியைச் சாயங்காலமே வெளியே வைத்துக் காற்றின் சூட்டுக்குப் பழகவிட்டால் சாதாரணக் கண்ணாடியே நன்றாக வேலை செய்கிறது. ஜான் டாப்சன் இதை உலகுக்கே காட்டியவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த சொசைட்டியில் 1944இல் துறவியாகச் சேர்ந்தவர். கையில் காசு கிடையாது. கழித்துப்போட்ட கப்பல் ஜன்னலின் தடித்த வட்டக் கண்ணாடியை எடுத்து ஆடி தேய்த்தார். தொலைநோக்கியோடு ஊர் சுற்றியதில் மடத்தைவிட்டு 1967இல் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் அழைத்து நிலாவைக் காட்டும் இயக்கம் ஒன்று அவரைச் சுற்றி உருவானது.

100 அங்குல வட்டை வார்த்த அதே செயின்ட் கோபைன் நிறுவனத்துக்கு இன்று ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது. உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடி அங்கே தயாராகிறது. மிதந்து வெளிவரும் பாளம் நீண்ட பதனாற்றல் சூளைக்குள் ஊர்ந்துதான் வெளியே வரும். அப்படி ஆறாவிட்டால் அதைக் கீறி நேராக வெட்டவே முடியாது. ஆகவே ஆடி செய்ய நினைப்பவர்கள் கண்ணாடிக் கடையில் 19 மில்லிமீட்டர் ஃப்ளோட் கண்ணாடி கேளுங்கள். மூலையில் டஃபன்டு முத்திரை இருந்தால் தொடாதீர்கள். கடைக்காரர் கீறி வெட்டிக் கொடுக்க முடிகிற கண்ணாடி என்றால், ஆலையிலேயே ஒருமுறை ஒழுங்காக ஆறியிருக்கிறது என்று பொருள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திரைக்கும் குளிர்க்கண்ணாடிக்கும் நடுவே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கலாம்.